முட்டி வீங்கும், மண்டை வீங்காது

எனக்குச் சம்மணம் போட்டு உட்கார வராது. சின்ன வயதில் இடது முட்டிக்குள் திரும்பத் திரும்ப ரத்தம் கசிந்து, ஒரு கட்டத்தில் அது மடங்குவதையே நிறுத்திக்கொண்டது. ஹீமோஃபீலியா ஏ, கடுமையான வகை. ரத்தத்தை உறைய வைக்கிற ஃபேக்டர் 8 என் உடம்பில் 1 சதவீதம்கூட இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், நின்றுகொண்டே செய்கிற வேலை என்பதால் முட்டி பெரிதாகத் தொந்தரவு தருவதில்லை.

இதே வியாதி என் தங்கச்சி மகனுக்கும் உண்டு. இந்த நோய் போகிற வழி அப்படி. என் அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது, தங்கச்சிக்கும் வந்தது. அவளுக்கு வெளியில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, அவள் பிள்ளையிடம் போய் நின்றது. "தாய்மாமன் சீர் முன்கூட்டியே வந்துடுச்சு" என்று ஒரு சொந்தக்காரர் கிண்டல் செய்தார். நான் சிரித்தேன், தங்கச்சி அவரோடு இன்றுவரை பேசுவதில்லை. எல்லார் வீட்டிலும் மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவார்கள். எங்கள் வீட்டில் மாமனுக்கு மடியும் மடங்காது, பிள்ளைக்குக் காது குத்தவும் துணிச்சல் இல்லை.

ரெண்டு நோயாளிகள் இருக்கிற வீடு, ஃப்ரிட்ஜில் பாலுக்குப் பக்கத்தில் ஃபேக்டர் குப்பி இருக்கிற வீடு. அந்த வீட்டிலேயே மூளையில் கசிந்த ரத்தத்தை ஒன்றரை நாள் பித்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

2022 ஜூலையில் ஒரு வியாழக்கிழமை. பையனுக்கு அப்போது 10 வயது, எடை 30 கிலோ. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தலை வலிக்கிறது என்றிருக்கிறான். வெயில் என்று தைலம் தேய்த்துப் படுக்க வைத்தாள் தங்கச்சி. வெள்ளிக்கிழமை காலையில் வாந்தி. எங்கள் அம்மா பித்தம் என்று சொல்லி இஞ்சிச் சாறு கொடுத்தார். மத்தியானம் மறுபடி வாந்தி. தெருமுனை கிளினிக்கில் காட்டியதற்கு, ஊரெல்லாம் வைரல் காய்ச்சல் சுற்றுகிறது என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அங்கே ஹீமோஃபீலியா என்ற வார்த்தையையே தங்கச்சி எடுக்கவில்லை. பிறகு கேட்டபோது, "ரத்தம் எங்கயும் வரலையே அண்ணா, அதான் தோணவே இல்ல" என்றாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. எனக்கும் வியாழக்கிழமை ராத்திரியே போனில் தெரியும். "தண்ணி நிறைய குடிக்கச் சொல்லு" என்றுதான் நானும் சொன்னேன். முட்டியில் கசிந்தால் எங்களுக்கு அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். முதலில் உள்ளே குறுகுறுவென்று இருக்கும், பிறகு சூடு, பிறகு வீக்கம். நாற்பது வருஷமாக அந்தப் பாஷை எனக்கு அத்துப்படி. தலைக்கு அந்தப் பாஷை கிடையாது. மண்டையோடு வீங்க இடம் கொடுக்காது, கசிகிற ரத்தம் உள்ளுக்குள்ளேயே மூளையை நெருக்கும். வெளியே தெரிவதெல்லாம் தலைவலி, வாந்தி, தூக்கம், சிடுசிடுப்பு. எல்லாம் எந்தப் பிள்ளைக்கும் வருகிற சங்கதிகள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி 9 மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மச்சான் சிப்காட்டில் நைட் ஷிஃப்ட். பையன் பாயில் சுருண்டு கிடந்தான். கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறான், பதில் கொஞ்ச நேரம் கழித்து வருகிறது. "என்னடா பண்ணுது?" என்றேன். "மாமா, லைட்டு ரெண்டா தெரியுது" என்றான்.

எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். 1986-ல், அவனுக்கு 9 வயது, எனக்கு 7. ரெண்டு நாள் வாந்தி எடுத்துத் தூங்கிக்கொண்டே இருந்தான், மூன்றாம் நாள் வலிப்பு வந்தது, அன்று சாயந்திரம் போய்விட்டான். மூளைக் காய்ச்சல் என்றார்கள். எங்கள் குடும்பத்தில் ஓடுகிற நோய்க்குப் பெயர் தெரிந்ததே எனக்கு 10 வயதானபோதுதான். அண்ணனுக்கு என்ன நடந்தது என்று யாரும் சோதிக்கவில்லை, இனி சோதிக்கவும் முடியாது. ஆனால் அந்த ராத்திரி பாயில் கிடந்தவனைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியதற்கு அவன்தான் காரணம்.

ஃப்ரிட்ஜில் 500 யூனிட் குப்பி ரெண்டு இருந்தன. கணக்கு எங்களுக்கு மனப்பாடம்: ஒரு கிலோ எடைக்கு 1 யூனிட் ஃபேக்டர் 8 போட்டால் ரத்தத்தில் அளவு 2 சதவீதம் ஏறும். தலையில் கசிவு என்றால் 80-லிருந்து 100 சதவீதம்வரை ஏற்ற வேண்டும். 100-க்குக் கிலோவுக்கு 50 யூனிட், 30 கிலோவுக்கு 1500. கையில் இருந்தது 1000, அதாவது 66 சதவீதத்துக்குப் போதும். குறைவுதான். ஆனாலும் முழு டோஸ் கிடைக்கிற இடத்துக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று காத்திருக்காமல் அப்போதே போட்டேன். அந்த ராத்திரி நான் செய்த ஒரே சரியான காரியம் அது என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். கரைக்கிற தண்ணீரை விட்டபின் குப்பியைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்ட வேண்டும். தூள் கரைய எடுத்துக்கொண்ட அந்த ரெண்டு நிமிஷம் எவ்வளவு நீளம்! முதல் குத்தில் நரம்பு கிடைக்கவில்லை. அவன் அழவும் இல்லை. வழக்கமாக ஊரைக் கூட்டுகிறவன் கையை நீட்டிவிட்டுச் சும்மா கிடந்தான், அதுதான் பயமாக இருந்தது.

பக்கத்துக் கடைக்காரரின் ஆம்னியில் புதுச்சேரிக்குக் கிளம்பினோம். எங்கள் பக்கத்தில் பெரிய வைத்தியம் என்றால் கோரிமேடு ஜிப்மரோ, வேறு பெரிய ஆஸ்பத்திரியோ, புதுச்சேரிப் பக்கம்தான் வண்டி திரும்பும். தென்பெண்ணைப் பாலம் தாண்டி, ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று 20 கிலோமீட்டருக்கு மேல். வழியில் இன்னொரு வாந்தி. பயந்துபோய்ப் போகிற வழியிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். அது தப்பு. எங்கே ஃபேக்டரும் சி.டி. ஸ்கேனும் மூளை அறுவை டாக்டரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறார்களோ, அங்கேதான் நேராகப் போக வேண்டும்.

அங்கே டியூட்டியில் இருந்தவர் இளைஞர், நல்ல மாதிரிதான் பேசினார். "முதல்ல ஸ்கேன் எடுப்போம், ப்ளீடிங் இருந்தா அப்புறம் ஃபேக்டரைப் பத்தி யோசிக்கலாம்" என்றார். இந்த வரிசைதான் எங்களைக் கொல்லும். சந்தேகம் வந்தாலே முதலில் ஃபேக்டர், அப்புறம்தான் ஸ்கேன். ஸ்கேனுக்காகக் காத்திருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் உள்ளே கசிந்துகொண்டேதான் இருக்கும். கசிவு இல்லை என்று தெரிந்தால் நஷ்டம் மூன்று குப்பி, அவ்வளவுதானே. நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நர்ஸ் ஒருவர் வாந்திக்கு இடுப்பில் போட ஊசியை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். தசையில் ஊசி எங்களுக்கு ஆகவே ஆகாது, போட்ட இடத்தில் உள்ளுக்குள் ரத்தம் கட்டும். "வேணாம்மா, போடணும்னா நரம்புல போடுங்க" என்று தடுத்தேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்போல, செக்யூரிட்டி எட்டிப் பார்த்தார். 40 நிமிஷம் அங்கே போனது. மறுபடி வண்டி.

புதுச்சேரியில் சேர்ந்த அரசு ஆஸ்பத்திரியில் வாசலிலேயே என் அட்டையை நீட்டினேன். கடையில் நானே லேமினேட் செய்தது. பெயர், எடை, ஹீமோஃபீலியா ஏ கடுமையான வகை, இன்ஹிபிட்டர் (போடுகிற ஃபேக்டரை அழிக்கிற எதிர்ப்பு) இல்லை, தலையில் கசிவென்று சந்தேகம் வந்தால் 1500 யூனிட் ஃபேக்டர் 8 உடனே, தசை ஊசி கூடாது. கீழே வீட்டில் போட்ட 1000 யூனிட்டையும் நேரத்தையும் பேனாவால் எழுதியிருந்தேன். அங்கிருந்த டாக்டர் அதை ஒரு தடவை படித்தார், மீதி 500-ஐப் போடச் சொன்னார், அப்புறம்தான் ஸ்கேனுக்கு அனுப்பினார். நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. அரை மணி நேரம் தொண்டை கிழியச் சொல்லியும் ஏறாதது ஒரு அட்டையில் ஏறியது.

படத்தில் மண்டையோட்டை ஒட்டி இடது பக்கம் மெல்லிய பிறை மாதிரி இருந்தது. மூளைக்கும் அதன் மேலுறைக்கும் நடுவே ரத்தம். பெரிதாகவில்லை என்றால் திறக்க வேண்டாம், மருந்திலேயே கரையவிடலாம் என்றார்கள். விடிகாலையில் ஒரு தடவை வலிப்பு வந்தது, வலது கையும் வாயோரமும் இழுத்தன. அதற்கு மருந்து ஆரம்பித்தார்கள். மறுநாள் எடுத்த ஸ்கேனில் பிறை அதே அளவில் நின்றிருந்தது.

அப்புறம் வந்த நாட்கள்தான் நீளம். ஃபேக்டர் 8 உடம்பில் 8-லிருந்து 12 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனால் ஒரு தடவை 100-க்கு ஏற்றினால் போதாது, அதை விழாமல் தாங்கிப் பிடிக்க வேண்டும். முதல் ஒரு வாரம் காலை 6, மாலை 6, தலா 750 யூனிட். அதற்குப் பிறகு அளவை 50 சதவீதத்தை ஒட்டி வைத்துக்கொண்டு இன்னும் ரெண்டு வாரம். மொத்தம் 20,000 யூனிட்டுக்கு மேல் போயிருக்கும். ஐந்தாம் நாளே எழுந்து உட்கார்ந்து புரோட்டா கேட்டான். "நல்லாத்தானே இருக்கான், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாமா?" என்று மச்சானுக்கு ஆசை, அவருக்கு லீவும் இல்லை. நான் விடவில்லை. பிள்ளை தெளிவாகத் தெரிகிற அந்த வாரத்தில் ஊசியை நிறுத்தினால் அதே இடத்தில் மறுபடி கசிய வாய்ப்பு உண்டு. ஒரு தடவை தலையில் கசிந்தவருக்கு மறுபடியும் வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். அதனால் டிஸ்சார்ஜ் ஆனபிறகும், கசிந்தால் போடுவது என்ற பழைய பழக்கத்தை விட்டு, வாரத்துக்கு மூன்று நாள் முன்கூட்டியே போடுகிற முறைக்கு மாற்றினார்கள். நாங்கள் அதை ப்ரோஃபி என்போம். எங்களுக்கு அரசு ஆஸ்பத்திரியில் ஃபேக்டர் காசில்லாமல் கிடைக்கிறது. அது இல்லையென்றால் ஜெராக்ஸ் கடையும் சிப்காட் சம்பளமும் சேர்ந்தாலும் அந்த மூன்று வாரத்துக்கே காணாது.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, நானும் அவனும் தனியாக இருக்கும்போது மெதுவாகச் சொன்னான். திங்கட்கிழமை ஸ்கூல் வேனில் பிரேக் போட்டபோது முன்சீட்டுக் கம்பியில் தலை இடித்திருக்கிறது. "ஏன்டா சொல்லல?" "சொன்னா ஊசி போடுவீங்கல்ல."

நான் என்ன பதில் சொல்வது? அவன் வயதில் நானும் முட்டி வலியை மறைத்தவன்தான், அதனால்தான் இன்று இந்த முட்டி. இடித்தது திங்கள், தலைவலி வியாழன். இப்படி நாள் தள்ளியும் காட்டும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அடியே படாமல் தானாகக் கசிகிறதும் உண்டு, "எங்கயும் விழலையே" என்று சமாதானம் சொல்லிக்கொள்ள இதில் இடம் கிடையாது. இப்போது வீட்டில் ஒரு ஒப்பந்தம். தலையில் இடித்தால், லேசாக இருந்தாலும், வந்து சொல்ல வேண்டும். சொன்னால் திட்டு கிடையாது, ஊசி உண்டு, ஊசிக்குப் பிறகு அவன் கேட்கிற தின்பண்டம் உண்டு. அறிகுறி வரட்டும் என்று பார்ப்பதில்லை, இடித்தது தெரிந்த உடனே முழு டோஸ், அப்புறம் டாக்டருக்குப் போன். வகுப்பாசிரியருக்கும் வேன் டிரைவருக்கும் தங்கச்சியே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். டிரைவர் அந்தக் கம்பிக்கு ஸ்பாஞ்ச் சுற்றிவிட்டார். யாரும் கேட்காமலே செய்தார்.

வலிக்கு எங்களுக்குப் பாராசிட்டமால் மட்டும்தான். ஆஸ்பிரின், புரூஃபென், டைக்ளோஃபினாக் எல்லாம் தட்டணுக்களைக் கெடுத்துக் கசிவைக் கூட்டும். மெடிக்கல் ஷாப்பில் தலைவலி என்று கேட்டால் இவற்றில் ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். இன்னொன்று: காய்ச்சலோடு மயக்கம் என்றால் ஆஸ்பத்திரியில் மூளைக் காய்ச்சலா என்று பார்க்க முதுகுத் தண்டில் நீர் எடுக்க நினைப்பார்கள். ஃபேக்டர் ஏற்றாமல் அதற்குச் சம்மதிக்கக் கூடாது. பேசத் தெரியாத கைக்குழந்தை என்றால் விடாத அழுகை, பால் குடிக்காமை, உச்சிக்குழி புடைத்து நிற்பது இவற்றைப் பார்க்க வேண்டும். இந்த நோய் ஓடுகிற குடும்பத்துப் பெண் கர்ப்பமானால் பிரசவ டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஆயுதம் போட்டோ உறிஞ்சுக் கருவி வைத்தோ இழுத்தால் பிறக்கும்போதே தலையில் கசியலாம்.

என் கணக்கை அப்படியே யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹீமோஃபீலியா பி என்றால் தேவை ஃபேக்டர் 9, அதில் 1 யூனிட்டுக்குச் சுமார் 1 சதவீதம்தான் ஏறும், டோஸ் ஏறக்குறைய இரட்டிப்பு. எங்கள் காலத்தில் ஃபேக்டர் கிடைக்காதபோது, தானம் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கிற கிரையோவை ஏற்றுவார்கள். அதில் 8 உண்டு, 9 கிடையாது. இன்ஹிபிட்டர் வந்தவர்களுக்கு, அதாவது போடுகிற ஃபேக்டரை உடம்பே எதிர்த்து அழிக்கிறவர்களுக்கு, இந்தக் குப்பி எத்தனை போட்டும் பலனில்லாமல் போகலாம். கடுமையான ஹீமோஃபீலியா ஏ உள்ளவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு இது வரும். அவர்களுக்கு ஃபேக்டர் 7ஏ, ஃபைபா மாதிரி சுற்றுவழி மருந்துகள். இப்போது ஃபேக்டர் 8 செய்கிற வேலையைச் செய்கிற, தோலுக்கடியில் போடுகிற எமிசிசுமாப் என்ற மருந்து வந்திருக்கிறது. அதில் இருக்கிறவர்கள் அதையும் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிவைக்க வேண்டும். அதோடு ஃபைபாவை அதிக அளவில் சேர்த்துப் போட்டால் சின்ன ரத்தக் குழாய்கள் அடைத்துக்கொள்ளும், வழக்கமான உறைதல் பரிசோதனையும் பொய்யாக நன்றாக இருக்கிற மாதிரி காட்டும். அவரவர் அளவை, அவரவர் டாக்டரிடம், உடம்பு நன்றாக இருக்கிற ஒரு நாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்வதுதான் வழி.

வீட்டில் எவ்வளவு வைத்திருப்பது? ஒரு தலைக் கசிவுக்கான முழு முதல் டோஸ், அதற்குக் கீழே எப்போதும் இறங்கக் கூடாது. பிள்ளை வளர வளர எடையும் ஏறும், அட்டையையும் கணக்கையும் மாற்ற வேண்டும். இந்த வருஷம் அவன் 40 கிலோ, நாலு குப்பி.

கடலூர்க்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு கவலை உண்டு, புயல். 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் அடித்தபோது எங்கள் தெருவில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. ஃபேக்டரை 2-லிருந்து 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். முதுநகர் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றுகிற தெர்மாகோல் பெட்டி ஒன்றை வாங்கி, ஐஸைக் கீழே போட்டு, குப்பிகளைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி, துண்டு சுற்றி மேலே வைத்தேன். ஐஸ் நேராகப் பட்டு உறைந்துவிட்டால் மருந்து வீண். பெட்டியைத் திறந்தால் மத்தி வாசனைதான் அடிக்கும். பிறகுதான் குப்பிப் பெட்டிக்குள் இருக்கிற துண்டுச் சீட்டைப் படித்தேன். பல கம்பெனி மருந்துகள் அறை வெப்பத்திலும் சில மாதம் தாங்கும், எத்தனை டிகிரிவரை, எத்தனை நாள் என்று அதிலேயே போட்டிருக்கும். வெளியே எடுத்த தேதியைப் பெட்டி மேல் எழுதிவைக்க வேண்டும், எடுத்ததைத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது என்றும் சொல்லும். 2024-ல் ஃபெஞ்சல் புயல் வந்து, சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் புரண்ட அந்த நாட்களில், பாலத்தைத் தாண்ட முடியாமல் போனால் என்ன செய்வது என்பதுதான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நாலு குப்பி வீட்டில் இருந்தது. அதனால் தூங்கினேன்.

இன்னொரு சங்கதி, இடம் மாறி வந்தாலும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு மகள், மருமகனைவிட ரெண்டு வயது சின்னவள். "முறைப்பெண் ரெடியா இருக்கா" என்று விசேஷ வீடுகளில் விளையாட்டாகச் சொல்வார்கள். ஹீமோஃபீலியா உள்ள அப்பனிடமிருந்து மகள்கள் எல்லாருக்குமே அந்த மரபணு போகும், என் மகளும் அதைத் தாங்கித்தான் பிறந்திருக்கிறாள். நோய் உள்ள மருமகனுக்கு அவளைக் கட்டினால், பிறக்கிற பெண் பிள்ளைக்கே முழு நோயும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. விளையாட்டுப் பேச்சு வரும்போதெல்லாம் இதை நான் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். சபை கொஞ்சம் சங்கடப்படும். படட்டும்.

பையன் இப்போது நன்றாக இருக்கிறான். வலது கையில் பிடி கொஞ்சம் தளர்வு, எழுத்து முன்னைவிடப் பெரிதாக, கோணலாக வருகிறது. பிசியோதெரபியில் ரப்பர் பந்தை அழுத்தச் சொன்னார்கள், அவன் அதை வைத்து வீட்டுக்குள் கிரிக்கெட் ஆடினான். வலிப்பு மாத்திரையை டாக்டர் மெதுவாகக் குறைத்து நிறுத்திவிட்டார். கோபம் சட்டென்று வருகிறது. அது தலையா, வயதா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

போன மாதம் பரீட்சை நேரத்தில் ராத்திரி 10 மணிக்குத் தங்கச்சி போன் செய்தாள், தலைவலிக்கிறதாம். வாந்தி இல்லை, பார்வை சரி, பேச்சு சரி, எங்கும் இடிக்கவில்லை என்கிறான். கண்ணாடி போடாமல் படித்ததால் இருக்கலாம். இருந்தாலும் போனேன். நான் போய்ச் சேரும்போது மூன்றாவது குப்பியை அவனே உருட்டிக்கொண்டிருந்தான்.

"எல்லாத் தலைவலிக்கும் ஊசிதானா மாமா?"

"ஆமா. கையை நீட்டு."